கண்டமாலையும் இரண்டு குப்பிகளும்

"கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது" என்று நம் வீடுகளில் கூறுவதுண்டு. பல் சொத்தை, தொண்டைப்புண், தலையில் சிரங்கு ஆகியவற்றால் கட்டும் நெறி சில நாட்களில் தானே வற்றிவிடும். அவ்வாறு வற்றாமல், பெரிதாக வலியுமின்றி, ஒன்றையடுத்து ஒன்றாகக் கழுத்தைச் சுற்றித் திரளும் கட்டிகளை நம் முன்னோர் 'கண்டமாலை' என்று பெயரிட்டழைத்தனர். கண்டம் என்றால் கழுத்து. கழுத்தில் மாலை கோத்தாற்போல் தோன்றும் நோய் என்பது பொருள். பெயரிலேயே நோயின் வடிவம் அடங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

மேலைநாட்டாரும் இந்நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அரசர் தம் கையால் தொட்டால் இது தீரும் என்ற நம்பிக்கை இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல நூற்றாண்டுகள் நிலவியது. பிற்காலத்தில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் குழந்தையாக இருந்தபோது, 1712 ஆம் ஆண்டு ஆன் அரசியாரிடம் அழைத்துச் செல்லப்பட்டார். அரசியார் தொட்டார், நோய் தீரவில்லை. நோய்க்குக் காரணம் யாது என்று அறியாதவரை மனிதன் செய்யக் கூடியது அவ்வளவே.

காரணம் 1882 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் மருத்துவ அறிஞர், காசநோயை உண்டாக்குவது ஒரு கோலுரு நுண்ணுயிரி என்பதை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தார். நுரையீரலை அரிக்கும் அதே கிருமிதான் கழுத்தின் நெறியிலும் குடியேறுகிறது. அக்கிருமியை நெறிக்குள் எவ்வாறு தேடிப் பிடிக்கிறார்கள், அத்தேடலில் எந்த இடத்தில் சான்று தவறிப்போகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நெறி என்பது யாது?

நம் உடலெங்கும் இரத்த நாளங்களைப் போலவே நிணநீர் நாளங்களும் ஓடுகின்றன. அவற்றின் வழியில், சோதனைச் சாவடிகளைப் போல, அவரை விதையளவில் அமைந்த கணுக்களே நிணநீர்க் கணுக்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் இவை மிகுதி. உட்புகும் கிருமிகளை வடிகட்டி, வெள்ளணுக்களைக் கொண்டு அழிப்பது இவற்றின் பணி. அப்போது கணு வீங்குகிறது. இதையே நெறி கட்டுதல் என்கிறோம்.

காசநோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி பிறருடைய மூச்சு வழியே நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து நிணநீர் வழியாகவும் இரத்த வழியாகவும் கணுக்களுக்குச் செல்கிறது. மாட்டின் காசநோய்க் கிருமி பச்சைப்பால் வழியே குழந்தைகளின் கழுத்து நெறிகளில் குடிபுகுவது முற்கால ஐரோப்பாவில் மிகுதியாக இருந்தது. பாலைக் காய்ச்சியே குடிக்கும் நம் வழக்கம் இவ்வகையில் நமக்குக் காவலாக நிற்கிறது. நெறியில் மட்டும் காசநோய் உள்ளவரிடமிருந்து அது பிறருக்குப் பொதுவாகத் தொற்றுவதில்லை. ஆகவே இத்தகையோரைத் தனித் தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்கிவைப்பதற்கு அறிவியலில் இடமில்லை. நுரையீரலிலும் நோய் உண்டா என்பதை அறிய மார்பு எக்ஸ்ரே, சளிச் சோதனை ஆகியவற்றையும் உடன் செய்வர்.

ஐயம் எங்கே எழுகிறது?

கழுத்துக் கட்டிகள் எல்லாம் காசநோய் அல்ல. நிணநீர்க் கணுவிலேயே தோன்றும் லிம்போமா என்னும் புற்றுநோய், வாய் அல்லது தொண்டையில் தோன்றிக் கழுத்துக்குப் பரவிய புற்றுநோய், சார்காய்டோசிஸ் போன்ற அழற்சி நோய்கள், சாதாரணத் தொற்றினால் வரும் வீக்கம் ஆகியவை கண்ணுக்கும் கைக்கும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். காசநோய் என்று கருதி ஆறு மாதம் மாத்திரை விழுங்கியவர்க்கு இருந்தது லிம்போமா எனில், அந்த ஆறு மாதங்களை யாரால் திருப்பித் தர இயலும்? மருந்துக்குக் கட்டுப்படாத காசக்கிருமியைச் சாதாரணக் கிருமி என்று எண்ணினாலும் இதே கதிதான். ஆகவே ஊகம் போதாது, சான்று வேண்டும்.

அச்சான்றைப் பெறுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நுரையீரல் நோயாளியின் சளியில் கிருமிகள் பெருந்திரளாக இருக்கும். நெறியிலோ அவை மிகச் சிலவே. உடலின் காவற்படை அவற்றைச் சூழ்ந்து நெருக்கியிருப்பதே அதற்குக் காரணம். நோய் பெரிதாய் வெளியே தெரியும். நோயை உண்டாக்கியவனோ எளிதில் அகப்படமாட்டான். எனவேதான் ஒரே சோதனையை நம்பாமல் பல சோதனைகளை ஒருங்கே செய்கின்றனர்.

ஊசியால் உறிஞ்சுதல்

முதற்படி மிக எளியது. மெல்லிய ஊசியைச் சிரிஞ்சில் பொருத்திக் கட்டிக்குள் செலுத்தி, சிறிதளவு பொருளை உறிஞ்சி எடுப்பர். மருத்துவமனைகளில் இதை எப்.என்.ஏ.சி. என்பர். 1930 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்னும் இருவர் ஊசியால் உறிஞ்சிக் கட்டிகளை ஆராயும் முறையை வெளியிட்டனர். பின்னர் சுவீடன் நாட்டார் இன்னும் மெல்லிய ஊசிகளைக் கொண்டு இதைச் செம்மைப்படுத்தினர். படுக்கையில் தங்கவேண்டியதில்லை, தையலில்லை, தழும்பில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

காசநோய்க் கட்டி முற்றினால் உள்ளே சீழ் கட்டும். ஆனால் மற்றச் சீழ்க்கட்டிகளைப் போலச் சூடும் சிவப்பும் கடுவலியும் இரா. ஆதலால் இதைக் குளிர்ந்த கட்டி என்பர். இதைக் கத்தியால் கீறிவிட்டால் புண் ஆறாமல் புரையோடித் தொடர்ந்து வடியும் அபாயம் உண்டு. எனவே தேர்ந்த மருத்துவர், கட்டியின் மேல் மெலிந்த தோலில் குத்தாமல், அருகிலுள்ள நல்ல தோலின் வழியே ஊசியைச் சாய்வாகச் செலுத்துவார்.

உறிஞ்சிய பொருளைக் கண்ணாடித் தகடுகளில் மெல்லப் பூசுவர். சிலவற்றைக் காற்றில் உலர்த்துவர். சிலவற்றை உடனே ஆல்கஹாலில் இடுவர். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, காசநோய் எனில், நீண்டு செருப்படி போன்ற உட்கருவுடைய எபிதீலியாய்டு உயிரணுக்களின் கூட்டமும், உருவமிழந்த துகளும் தென்படும். புற்றுநோய் எனில் அதன் உயிரணுக்கள் வேறு தோற்றம் காட்டும். முதல் ஐயம் பெரும்பாலும் இங்கேயே தெளியும்.

சாயம் போகாத கோல்கள்

அடுத்து, கிருமியையே நேரில் காணும் முயற்சி. இதற்குரிய சாயமுறை 1882, 1883 ஆம் ஆண்டுகளில் சீல், நீல்சன் என்னும் இரு ஜெர்மானியர் பெயரால் அமைந்தது. தகட்டின் மீது கார்பால் ஃபுக்சின் என்னும் செஞ்சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை சூடாக்குவர். பின் அமிலத்தால் வெளுப்பர். நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் முறையில் 25 விழுக்காடு கந்தக அமிலம் பயன்படுகிறது. இறுதியாக மெத்திலீன் நீலம் பூசுவர்.

ஏனைய பெரும்பாலான கிருமிகளும் உயிரணுக்களும் அமிலம் பட்டவுடன் செஞ்சாயத்தை இழந்து நீலமாகும். காசக்கிருமியின் சுவரில் மைக்காலிக் அமிலம் என்னும் மெழுகுப்பொருள் செறிந்திருப்பதால், ஒருமுறை ஏறிய சாயம் இறங்காது. நன்கு சாயமேற்றிய குறிஞ்சிப்பாடிக் கைலி எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காததைப் போன்றது இது. நீலப் பின்னணியில் மெல்லிய செந்நிறக் கோல்கள் தெரிந்தால் அவை பெரும்பாலும் நாம் தேடியவையே. இன்று பல ஆய்வுக்கூடங்களில் ஆரமின் சாயமேற்றி, ஒளிரும் கோல்களாகப் பார்க்கும் நுண்ணோக்கியும் உண்டு.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உள்ளது. ஒரு மில்லிலிட்டர் மாதிரியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் தென்படும். நெறியிலோ கிருமி அருகிக் கிடக்கிறது. எனவே 'கிருமி காணப்படவில்லை' என்று அறிக்கை வந்தால், அதற்குக் 'காசநோய் இல்லை' என்று பொருள் கொள்ளலாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பெரும்பிழை.

திசு கூறும் சாட்சியம்

ஊசியால் தெளிவு பிறக்காவிடில், கணுவை முழுதாகவோ பகுதியாகவோ அறுத்தெடுத்து ஆராய்வர். இதுவே பயாப்சி. திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, 3 முதல் 5 மைக்ரான் கனமுள்ள சீவல்களாக்கிச் சாயமேற்றுவர். காசநோயில் காணும் காட்சி தனித்தன்மையுடையது. நடுவில் திரிந்த பாலின் கட்டி போன்று இறந்துபட்ட பகுதி. அதனைச் சுற்றி எபிதீலியாய்டு உயிரணுக்கள். அவற்றினிடையே, குதிரைலாட வடிவில் பல உட்கருக்கள் விளிம்பில் அணிவகுத்த இராட்சத உயிரணு. 1868 ஆம் ஆண்டு இவ்வுயிரணுவை விவரித்த லாங்கான்ஸ் என்பவரின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. இவ்வமைப்பைக் கிரானுலோமா என்பர்.

எனினும் இது சூழ்நிலைச் சான்றே. தொழுநோய், பூஞ்சைத் தொற்று, சார்காய்டோசிஸ் ஆகியவற்றிலும் கிரானுலோமா உண்டு. கள்வனின் காலடித்தடம் கண்டோம், கள்வனைக் கண்டோமில்லை.

வளர்த்துப் பார்த்தல்

கள்வனைக் கையும் களவுமாய்ப் பிடிப்பது வளர்ப்புச் சோதனை. மாதிரியில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 100 உயிருள்ள கிருமிகள் இருந்தாலும் போதும். அவற்றை வளர்த்துப் பெருக்கிக் காட்டலாம். திசுவை அரைத்து, லோவென்ஸ்டீன்–ஜென்சன் ஊடகத்தில் இடுவர். கோழிமுட்டையும் உப்புக்களும் மாலகைட் பச்சை என்னும் சாயமும் சேர்ந்த ஊடகம் இது. 37 பாகை வெப்பத்தில் வைத்தால், சொரசொரப்பான, வெளிர்மஞ்சள் நிறக் கூட்டங்களாகக் கிருமி வளரும்.

இங்கே பொறுமை வேண்டும். நம் குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசக்கிருமிக்கு 15 முதல் 20 மணி நேரமாகும். ஆகவே திட ஊடகத்தில் 8 வாரம் வரை காத்திருந்த பின்னரே 'வளரவில்லை' என்று எழுதுவர். திரவ ஊடகத்தில் ஆக்சிஜன் குறைவதை ஒளிர்வால் உணரும் எம்.ஜி.ஐ.டி. முறை இக்காத்திருப்பைக் குறைத்துள்ளது. அதிலும் முடிவாக 'இல்லை' என்று கூற 6 வாரமாகும். வளர்ந்த கிருமியைப் பல மருந்துகளோடு சேர்த்து வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதையும் அறியலாம். இதனாலேயே வளர்ப்புச் சோதனை இன்றும் அளவுகோலாக விளங்குகிறது.

மரபுப்பொருளைப் பெருக்குதல்

1983 ஆம் ஆண்டில் கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை, டி.என்.ஏ.வின் ஒரு சிறு துண்டைப் பலகோடி மடங்காகப் பெருக்க வழிசெய்தது. இக்கொள்கையில் அமைந்த எக்ஸ்பெர்ட் என்னும் கருவியை உலகச் சுகாதார நிறுவனம் 2010 ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்றது. 2013 இல் நெறி உள்ளிட்ட நுரையீரல் அல்லாத சில இடங்களின் மாதிரிகளுக்கும் பரிந்துரைத்தது. மாதிரியைக் கரைசலுடன் கலந்து சிறு பெட்டியில் இட்டுக் கருவியில் செருகினால், ஏறத்தாழ 2 மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதோடு, ரிபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் தெரியும். இதே பணியைச் செய்யும் ட்ரூநாட் என்னும் கருவி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. 2020 இல் உலகச் சுகாதார நிறுவனம் அதையும் ஏற்றுக்கொண்டது.

இதுவும் பிழையற்றதன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான கணக்கின்படி, வளர்ப்பில் கிருமி வளர்ந்த நெறி மாதிரிகள் 100 எனில், எக்ஸ்பெர்ட் அவற்றுள் ஏறத்தாழ 83 இல் கிருமியைக் கண்டது. எஞ்சியவை தப்பின. பின்னர் வந்த 'அல்ட்ரா' என்னும் வகை இன்னும் நுட்பமானது. எனினும் 'இல்லை' என்னும் விடையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமையே நன்று.

நம்பத்தகாத சோதனைகள்

தோலில் டியூபர்குலின் செலுத்தி 48 முதல் 72 மணிக்குள் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனை, கிருமி எப்போதோ உடலில் புகுந்ததை மட்டுமே காட்டும். நோயாளியல்லாத மிகப் பலரிடத்தும் கிருமி உறங்கிக்கிடக்கும் நம் நாட்டில், இதனால் மட்டும் நோயை முடிவு செய்ய இயலாது. இரத்தத்தில் காசநோய் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகளோ தவறான விடையே மிகுதியாகத் தந்தமையால், 2011 இல் உலகச் சுகாதார நிறுவனம் அவற்றைக் கூடாதென்றது. 2012 இல் இந்திய அரசு தடையே விதித்தது.

இரண்டு குப்பிகள்

இனி, தலைப்புக்கு வருவோம். நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்து அலமாரிகளில் பாம்பும் தவளையும் மீனும் ஆண்டுக்கணக்கில் அழுகாமல் நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். ஃபார்மலினில் எந்த நுண்ணுயிரும் உயிர்வாழ முடியாது என்பதே அதன் காரணம். இதே ஃபார்மலினில் நெறித்திசு முழுவதையும் இட்டுவிட்டால் என்னாகும்? திசுவின் அமைப்பு அழகாகப் பாதுகாக்கப்படும். ஆனால் உள்ளிருந்த காசக்கிருமி இறந்துபோம். அதன்பின் எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதை வளர்க்க இயலாது. மரபுப்பொருளும் சிதையத் தொடங்கும். மருந்து கேட்குமா என்னும் வினாவுக்கு விடை காணும் முதன்மையான வழி அங்கேயே அடைபட்டுவிடும்.

எனவே அறுவை அறையில் இரண்டு குப்பிகள் இருத்தல் வேண்டும். ஒன்று ஃபார்மலின்; இது திசு ஆய்வுக்கு. மற்றொன்று கிருமி நீக்கிய சலைன். இது வளர்ப்புக்கும் எக்ஸ்பெர்ட் சோதனைக்கும். ஊசியால் உறிஞ்சும்போதும் இவ்வாறே. தகட்டில் பூசியபின் ஊசியில் எஞ்சியதை எறிந்துவிடாமல், சிறிது சலைனில் அலசி எடுத்தால் அதுவும் சோதனைக்குரிய மாதிரியாகும். குப்பியில் பெயரும் நாளும் எழுதி, உலரவிடாமல், குளிர்ச்சியில் வைத்து விரைந்து அனுப்புதல் வேண்டும்.

இது நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும். பரங்கிப்பேட்டையிலோ புவனகிரியிலோ கூலிவேலை செய்யும் ஒருவர், ஒருநாள் கூலியை இழந்தே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 1985 இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் அண்ணாமலைநகர் மருத்துவமனைக்கோ வருகிறார். ஒருமுறை அறுத்த கணுவை மறுமுறை அறுக்க முடியாது. "மாதிரி போதவில்லை, மீண்டும் வாருங்கள்" என்று சொன்னால் அவர் வருவார் என்பதும் உறுதியன்று. மேலும் வளர்ப்புச் சோதனைக்குரிய ஆய்வுக்கூடங்கள் எல்லா ஊர்களிலும் இரா. மாதிரி பயணம் செய்தே ஆகவேண்டும். பல இலட்சம் ரூபாய்க் கருவி ஆயத்தமாக நிற்பினும், அதனிடம் வந்து சேர்வது ஃபார்மலினில் ஊறிய திசு எனில் யாது பயன்? சில ரூபாய் பெறும் சலைன் குப்பி ஒன்றே இங்குத் தீர்ப்பை மாற்றுகிறது.

சென்னை கற்பித்த பாடம்

காசநோய் ஆராய்ச்சியில் தமிழ்நாட்டிற்குத் தனிச்சிறப்பு உண்டு. 1956 இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவோர் சானடோரியத்தில் தங்கியோரைப் போலவே நலமடைவர் என்பதை 1959 இல் உலகிற்குக் காட்டியது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

அம்மையத்தார் 1990 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் பொருளைப் பற்றியது. பயாப்சியால் உறுதிசெய்யப்பட்ட நெறிக் காசநோயுள்ள 168 சிறுவர் சிறுமியர்க்கு 6 மாதச் சிகிச்சை அளித்தனர். முடிவில் 30 விழுக்காட்டினர்க்கு 10 மில்லிமீட்டரினும் பெரிய நெறி எஞ்சியிருந்தது. மருந்து தோற்றதோ என்று அஞ்சத் தோன்றும். ஆனால் மேலும் 36 மாதங்கள் கவனித்ததில், மறுசிகிச்சை தேவைப்பட்டோர் 3 விழுக்காட்டினரே. கட்டி எஞ்சுவது வேறு, நோய் எஞ்சுவது வேறு என்பது இதனால் விளங்கும். சிகிச்சையின் இடையே கட்டி சற்றுப் பெரிதாவதும் உண்டு. அப்போது நுண்ணோக்கியும் பி.சி.ஆர்.உம் செத்த கிருமியையும் காட்டிவிடும். உயிருள்ளதா என்று சொல்லவல்லது வளர்ப்புச் சோதனையே. அதற்கும் வேண்டியது அந்த இரண்டாம் குப்பிதான்.

முடிவுரை

நெறிக் காசநோயைக் கண்டறிய ஒரு தனிச் சோதனை போதாது. ஊசி, சாயம், திசு, வளர்ப்பு, மரபுப்பொருள் ஆகிய ஐந்தும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். அரசுக் காசநோய்த் திட்டத்தில் சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வழக்கமான சிகிச்சை 6 மாதம்.

நம்முள் சிலர் நாளை ஆய்வுக்கூடப் பணிக்குச் செல்லலாம், சிலர் ஆசிரியராகலாம். எல்லோரும் ஏதேனும் ஒரு வீட்டில் பிள்ளையாகவோ பெற்றோராகவோ இருப்போம். இரண்டு மூன்று வாரமாகியும் கரையாத நெறியை வீட்டில் கண்டால், பற்றுப் போட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். அறுவைக்கு நாள் குறித்தால், "வளர்ப்புச் சோதனைக்கும் தனியாக எடுத்து வைப்பீர்களா, டாக்டர்?" என்று பணிவுடன் கேட்போம். அந்த ஒரு கேள்வி ஒருவருடைய பல மாதங்களைக் காப்பாற்றக் கூடும்.